பிரிக்காத சீட்டும் தண்ணீர் பார்க்காத போட்டும்

என் அத்தாவுக்கு,

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்து உங்கள் கையிலிருக்கும் பையைப் பிடுங்குகிற உங்கள் செல்ல மகளின் சலாம்.

ஒரு சேதி இருக்கிறது அத்தா. பெரிய சேதி. ஆனால் உடனே சொல்ல மாட்டேன். டிவியில் எந்தப் படம் ஓடினாலும் பாதியில் வந்து உட்கார்ந்து, "கடைசியில சேருறாங்களா சாகுறாங்களா? அத மட்டும் சொல்லு, நான் படுக்கணும்" என்று கேட்பீர்களே, இந்தத் தடவை அது நடக்காது. முதலில் இருந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதை எல்லோரும் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். என் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் படிக்கட்டும். நம் தெருக்காரர்களும் படிக்கட்டும். உங்களைக் கிண்டல் செய்தது எல்லோரும் கேட்கும்படிதானே? பதிலையும் எல்லோரும் கேட்கட்டும்.

அந்தப் போட் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. ஆயக்குடியில் பழனிச்சாமி மாமாவின் டிராக்டருக்கு சீட் தைக்கப் போகிறேன் என்று காலையில் கிளம்பினீர்கள். சாயங்காலம் குட்டியானை வண்டியில் ஒரு மோட்டார் போட்டோடு வந்து இறங்கினீர்கள். கூலிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கிக்கொண்டீர்களாம்! எந்த அணையிலோ அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு சுற்றிய ஃபைபர் போட், பழசாகி ஏலத்துக்கு வந்து, மாமாவின் கொய்யாத் தோப்பில் பழம் கழுவும் தொட்டியாகக் கிடந்தது. அது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடுகிற திண்டுக்கல்லில், பஜார் வழியாக ஒரு போட் ஊர்வலம் போனால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"என்ன பாய், கடல் எந்தப் பக்கம் வருதுன்னு கேள்விப்பட்டீங்களா?"

"வரட்டும்ணே. வந்தா மொத டிக்கெட்டு உங்களுக்குத்தான்."

நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். மறுநாளிலிருந்து நீங்கள் கப்பல் பாய். சீட் கவர் பாய் என்ற பெயர் போயே போய்விட்டது. உங்களுக்கு அதில் வருத்தமில்லை. அன்வர் அண்ணனுக்குத்தான் இருந்தது. "கப்பல் பாய் மகன்" என்று கூப்பிட்ட ஒருத்தனை அடித்துவிட்டு, சட்டைப் பித்தான் இல்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றானே, மறந்திருக்க மாட்டீர்கள்.

எனக்கோ அது உலகத்திலேயே அழகான பொருள். கூர்மையான மூக்கு, வளைந்த முன்கண்ணாடி, பக்கவாட்டில் மீன் நீந்துவது போல ஓடும் ஒரு வரி. இன்றைக்கு வருகிற போட்களில் அந்த வளைவு இல்லை அத்தா! நானாகச் சொல்லவில்லை, உலகம் முழுக்க இருக்கிற போட் பைத்தியங்கள் சொல்கிறார்கள். நான் அவர்களோடு போனில் பேசியே வளர்ந்தவள். "உன் போட் ஓடுவது உப்புத் தண்ணீரிலா, நல்ல தண்ணீரிலா?" என்று ஒருத்தர் கேட்டார். "தண்ணீரே இல்லை" என்று எழுதினேன். அதற்கு விழுந்த சிரிப்பு பொம்மைகளை எண்ணி முடியாது.

நம் வீட்டு ஓரத்துக் காலியிடத்தில் செங்கல் அடுக்கி அதை உட்கார வைத்தீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அதற்கு சீட் தைத்தீர்கள். மெரூன் ரெக்ஸின், ஓரத்தில் கிரீம் கலர் பைப்பிங், இரட்டைத் தையல். எந்த வாடிக்கையாளரின் வண்டிக்கும் அப்படி ஒரு சீட்டை நீங்கள் தைத்து நான் பார்த்ததில்லை. இடது சீட் ஓட்டுகிறவருக்கு. வலது சீட்டின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் கவரை மட்டும் கடைசி வரை பிரிக்க விடவில்லை. நாங்கள் ஏறினால் வழுக்கும், வெயிலில் தொடை ஒட்டிக்கொள்ளும். "பிரிச்சிரலாம் அத்தா" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்போம்!

"அது உங்க அம்மா சீட்டு. அவதான் பிரிக்கணும்."

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா பதில் சொல்வாள். "தரையில நிக்கிற போட்டுல ஏறி உக்காந்தா ஊரு சிரிக்கும். தண்ணியில எறக்குங்க, ஏறுறேன்."

"மழை பெய்யட்டும், எறக்குறேன்."

இந்த இரண்டு வசனத்தையும் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் சிரிப்பீர்கள், அம்மா சிரிக்க மாட்டாள். போட்டில் மழைத்தண்ணீர் தேங்கினால் அதில் துணி அலசுவாள். வெயிலடித்தால் விளிம்பில் வத்தல் காயப்போடுவாள். ஆனால் ஒரு நாள்கூடக் காலைத் தூக்கி உள்ளே வைத்ததில்லை.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். அசர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்தீர்களாம். ஸ்கூட்டரை யாரோ தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். சத்தமில்லாமல் அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

அம்மா இத்தா இருந்தாள். வாசற்படி தாண்டாமல் வீட்டோடு இருந்த அந்த மாதங்களில் அவள் பார்த்த வெளியுலகம் சமையலறை ஜன்னல்தான். அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றது உங்கள் போட். எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை அத்தா. ஒரு நாள் சுரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா ஜன்னல் கொக்கியைக் கழற்றிக் கதவை அகலமாகத் திறந்து வைத்தாள், அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் போனில் பார்த்ததெல்லாம் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, பார்ப்பது வேறு, செய்வது வேறு என்று. இன்ஜின் மாட்டுகிற பின்பலகையைத் தட்டினால் 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். நம்முடையது ஊறிய ரொட்டி மாதிரி 'பொத்' என்றது. உள்ளே இருந்த பிளைவுட் மக்கிப் போயிருந்தது. கரூரில் பஸ் பாடி கட்டுகிற இடத்திலிருந்து ரெசினும் கண்ணாடி நூல் பாயும் வாங்கி வந்தோம். முதல் நாள் ரெசினில் கெட்டியாக்கும் மருந்தைக் கூட ஊற்றிவிட்டேன். வாளிக்குள்ளேயே அது கொதித்து, புகைந்து, கல்லாகிப் போனது. அன்வர் அண்ணன் அந்த வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போட் செய்யச் சொன்னா ஆட்டுக்கல்லு செஞ்சிருக்கே" என்றான்.

ஆமாம் அத்தா, அண்ணனும் வந்துவிட்டான். உங்கள் கடையை மூடிவிட்டு வந்து முதலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பிறகு, "இங்க தேச்சது பத்தல" என்பான். ஒரு வாரத்தில் என் சாண்ட்பேப்பரைப் பிடுங்கிக்கொண்டான். கண்ணாடித் தூசி பட்டு இரண்டு பேரும் கழுத்தைச் சொறிந்துகொண்டே திரிந்தோம். ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வரும். "இன்னைக்கு தேக்கிற சத்தம் சன்னமா இருக்கே, முடியப் போகுதா?"

அடுத்துதான் அந்தக் கூத்து நடந்தது. எல்லாம் பூசி, காய்ந்து, பளபளவென்று நின்றது. ஒழுகுமா ஒழுகாதா என்று எப்படிப் பார்ப்பது? இறக்கிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு குட்டைகூட இல்லை. அண்ணன் சொன்னான், "தொட்டி ஒழுகுதான்னு எப்படிப் பாப்போம்? ரொப்பித்தானே பாப்போம்?"

சரியாகத்தானே சொல்கிறான் என்று எனக்கும் பட்டது! நாம் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் குடம், அண்டா, சின்டெக்ஸ். தண்ணீர் உள்ளே இருக்க வேண்டிய பொருட்கள். போட்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவே இல்லை. அம்மாவும் உள்ளிருந்து, "விளிம்பு வரைக்கும் ரொப்புடா, பாதியில நிறுத்துனா தெரியாது" என்றாள். போர் மோட்டாரைப் போட்டுக் குழாயை உள்ளே விட்டோம்.

விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது 'மடார்' என்று ஒரு சத்தம். செங்கலுக்கு நடுவில் வயிறு பிளந்து, அத்தனை தண்ணீரும் தெருவில் ஓடியது. பெண்கள் குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்! பிளவுக்குக் கீழே குடத்தைப் பிடித்துக்கொண்டே எதிர்வீட்டு அக்கா சொன்னாள்.

"கடல்ல முழுகுன கப்பலக் கேள்விப்பட்டிருக்கேன். தரையில முழுகுன கப்பல இப்பத்தாண்டி பாக்குறேன்."

சிரிப்பு. பிறகு எனக்கு அழுகை. ரொட்டிக்கடை வாசல் வரை உங்கள் கப்பலின் தண்ணீர் ஓடியது அத்தா.

போட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பிளவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உடைந்த இடம் சும்மா உடையவில்லை. வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. தபால் தலையைக் கிழிக்க ஓரத்தில் ஓட்டை போட்டிருப்பார்களே, அது மாதிரி. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கிழிந்திருந்தது. நாங்கள் சுரண்டாமல் விட்ட ஒரே இடம் அந்த அடிவயிறு. பெயிண்ட்டை உரித்தேன். உள்ளே ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல். எருமைத் தோல் ஒட்டு. அதைச் சுற்றிலும் துளைபோட்டு, நைலான் நூலில், இரட்டைத் தையல்.

அண்ணன் விரலால் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே போனான். கடைசி முடிச்சில் வந்து நின்றான். "அத்தா முடிச்சுதான்" என்றான். வேறு யார் போடுவார்கள் அந்த முடிச்சை?

வண்டியில் வரும்போது எங்கேயோ இடித்துப் போட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது போல. எங்களுக்கெல்லாம் தெரியாமல் நீங்கள் அதை உங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் அடைத்திருக்கிறீர்கள். சீட் கிழிந்தால் ஒட்டுப் போடுவது மாதிரி போட்டுக்கு ஒட்டுப் போட்டு, மேலே பெயிண்ட்டும் அடித்துவிட்டீர்கள். தண்ணீரில் இறக்கியிருந்தால் அந்தத் தோல் எத்தனை நேரம் தாங்கியிருக்கும்?

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்று அம்மா ஜன்னலில் இருந்து கேட்டாள். சொன்னேன். தோலை வெட்டி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கம்பிக்கு வெளியே கையை நீட்டி வாங்கி, செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு வருசம் நல்ல மழ. ஆயக்குடிப் பக்கம் கொளமெல்லாம் ரொம்பிருச்சுன்னு பழனிச்சாமி அண்ணன் போன் மேல போன் போட்டாரு. 'இப்பவாச்சும் எறக்குங்க, ஏறுறேன்'னேன். ஸ்கூட்டர்ல வேல இருக்கு, அடுத்த மழைக்குப் பாப்போம்னாரு. எனக்கு அம்புட்டுக் கோவம்."

தோலைக் கம்பி வழியாகத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா அத்தா? உங்கள் ஒட்டின் மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? அவளை ஏற்றிக்கொண்டு போய் நடுக்குளத்தில் அது பிய்ந்துவிட்டால் என்று பயந்துதான், ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று மழையின் மேல் பழியைப் போட்டீர்களா? இல்லை, நிஜமாகவே ஸ்கூட்டரில் வேலை இருந்ததா?

அன்று சாயங்காலம் கேட்டேன். "அம்மா, நாங்க ஒழுகாம பண்ணி தண்ணியில எறக்குனா ஏறுவேல்ல?"

"அது உங்க அத்தாட்ட சொன்னது. உங்ககிட்ட சொல்லல" என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

எனக்குத் தெரியும் அத்தா, நான் போட்டை எடுத்ததே அவளுக்காகத்தான். அவள் ஏறாவிட்டால், நான் ஒட்டி முடிப்பது எத்தனை அழகாக இருந்தாலும் அது பழம் கழுவும் தொட்டிதான். பிளவை மறுபடி அறுத்து, உள்ளேயும் வெளியேயும் நூல் பாய் வைத்து ரெசின் தடவினோம். தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் போட்டு ஒரு மழைக்காகக் காத்திருந்தோம். மழை வந்தது. நான் கீழே குனிந்து புகுந்து, மல்லாந்து படுத்துப் பார்த்தேன். மேலே சடசடவென்று அத்தனை சத்தம், உள்ளே ஒரு சொட்டு இல்லை.

அடுத்தது இன்ஜின். பழைய போட்டுக்குப் புது உயிர் கொடுக்க வேறு இன்ஜின் போடுவதை 'ரீபவர்' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மயிர்க்கூச்செறியும்! நீங்கள் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்த அந்தப் பழைய இன்ஜின் உள்ளே இறுகி ஒரே இரும்புக் கட்டியாகிவிட்டது. புது போட் இன்ஜின் நாம் நினைத்துப் பார்க்கிற பொருள் இல்லை. நான் யோசித்தது உங்கள் ஸ்கூட்டரை.

காற்றிலேயே குளிர்கிற இன்ஜின், கிக்கர் இருக்கிறது, கியர் இருக்கிறது. பக்கவாட்டில் திருப்பி உட்கார வைத்தால் பின்சக்கரம் மாட்டும் அச்சு போட்டுக்குப் பின்னால் பார்க்கும். சக்கரத்துக்குப் பதில் நீளமான கம்பி, கம்பி நுனியில் விசிறி. அவ்வளவுதான்! படம் வரைந்து அண்ணனிடம் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அத்தா வண்டிய அறுக்கப் போறியா? அறிவிருக்கா ஒனக்கு?"

"அறுக்கலண்ணே. இன்ஜின மட்டும்..."

"அந்த வண்டி அப்படியேதான் நிக்கணும். தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. "ஏலே அன்வரு, ஓடாத வண்டியத் தொடச்சுத் தொடச்சு வச்சா உங்க அத்தா வந்து ஓட்டப் போறாரா? அது ஓடணும்னுதானே வாங்குனாரு? ஓடவிடு அப்பு."

அண்ணன்தான் கழற்றினான். ஒவ்வொரு நட்டையும் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தான். லேத்தில் சட்டம் அடித்து வாங்கி, பின்பலகையில் இன்ஜினை உட்கார வைத்தோம். அதிர்வு தாங்க ரப்பர் வைக்கலாம் என்றேன். அண்ணன் உங்கள் எருமைத் தோலை எடுத்து வந்து சட்டத்துக்கு அடியில் வைத்து போல்ட் போட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது அத்தா.

மதியம் லுஹருக்கு மேல் இருக்கும். முதல் உதை, இரண்டாம் உதை, ஒன்றுமில்லை. பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்திருந்தேன். திறந்து உதைத்தேன். பிடித்துக்கொண்டது! அந்தச் சத்தம்! தெருமுனை திரும்பும்போது ஒரு தரம் இருமி, பிறகு சீராகுமே, அதே சத்தம். அண்ணன் சிரிக்கிறான், நான் குதிக்கிறேன், எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து கத்துகிறாள், "கப்பல் பாய் வண்டி சத்தம்டி அது!"

அப்போதுதான் ஜன்னல் வழியாக வாசம் வந்தது. அப்பளம் பொரிக்கிற வாசம்.

சாப்பாட்டுக்கு வரும்போது முனையில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால்தான் அம்மா அப்பளத்தை எண்ணெயில் போடுவாள். நீங்கள் கை கழுவி உட்காருவதற்குள் சூடாகத் தட்டில் விழும். நான் இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா சட்டிக்கு முன்னால் சாரணிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தட்டு நிறைய அப்பளம்.

"சத்தம் கேட்டதும் கை தானாப் போயிருச்சு" என்றாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிடு அவனை. பொரிச்சத வீணாக்கக் கூடாது" என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து, உடைகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல், அத்தனை அப்பளத்தையும் தின்று தீர்த்தோம்.

இத்தா முடிந்தது. மழையும் வந்தது. பழனிச்சாமி மாமா போன் செய்தார். "அம்மிணி, கொளம் தளும்புதுங்க. மீன் குத்தகைக்காரருகிட்டயும் பஞ்சாயத்துலயும் சொல்லிப்புட்டேன். வந்த பொருள வந்த ஊருக்கே கொண்டாங்க, எறக்கிப் பாத்துரலாம்."

மறுபடியும் ஒரு குட்டியானை. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாக, நீங்கள் கொண்டுவந்த அதே ரோட்டில் திரும்பப் போனோம். அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். "பாக்க வாரேன். ஏறுவேன்னு நெனச்சுக்காதீங்க" என்று ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

குளத்தைப் பார்த்ததும் நான் வண்டியிலிருந்து இறங்கி ஓடினேன் அத்தா. அம்புட்டுத் தண்ணீர்! மாமா நாலு ஆட்களோடு வந்து போட்டைத் தூக்கி இறக்கினார். நான் அடித்தட்டையே பார்த்தேன். காய்ந்திருந்தது. செத்த நேரம் கழித்தும் காய்ந்தே இருந்தது. உங்கள் போட் மிதந்தது அத்தா! லேசாக இடது பக்கம் சாய்ந்து, நீங்கள் ஒரு காலை ஊன்றி நிற்பது மாதிரி.

"ஏனுங்க அக்கா, வந்து ஏறுங்க. பாய் எத்தன தடவ எங்கிட்ட சொல்லிருப்பாருன்னு நெனக்கறீங்க?" என்று மாமா கூப்பிட்டார்.

"இருக்கட்டும்ணே. பிள்ளைக போகட்டும்." அம்மா கரைமேல் வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நானும் அண்ணனும் ஏறினோம். இன்ஜினைத் திருப்பித்தான் போட்டைத் திருப்ப முடியும் என்பதால் நான் பின்னால் நின்றேன். அண்ணன் இடது சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அந்த ஸ்டியரிங்குக்கும் எதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் வளைவு வந்தபோதெல்லாம் மும்முரமாகத் திருப்பினான். நாரைகள் எழுந்து பறந்தன. மலை கிட்டே வந்தது. வீடியோ எடுக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. எனக்கு!

சுற்றிக்கொண்டு திரும்பிக் கரைப்பக்கம் வந்தோம். வேகத்தைக் குறைத்தபோது இன்ஜின் அதே மாதிரி ஒரு தரம் இருமியது. வேப்பமரத்தடியில் பை மட்டும் இருந்தது. அம்மாவைக் காணோம். அண்ணன்தான் கையைக் காட்டினான்.

அவள் கரையிறங்கித் தண்ணீர் ஓரத்துக்கே வந்திருந்தாள். புர்கா விளிம்பு நனைந்திருப்பதுகூடத் தெரியாமல், கழுத்தை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டிச் சத்தம் கேட்டால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அதே நிற்பு. பிடித்துக்கொள்ள நிலைதான் இல்லை.

நாங்கள் கூப்பிடவில்லை அத்தா. போட் மண்ணில் உரசி நின்றதும் அவளே கையை நீட்டினாள். "பிடிடா" என்றாள்.

ஏறினாள். புர்காவுக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிட்டேன். வலது சீட்டைப் பார்த்தாள். "இதென்ன, இன்னும் கவரப் பிரிக்காம வச்சிருக்கீங்க?"

"அத்தா பிரிக்க விடல. அம்மாதான் பிரிக்கணும்னாரு" என்றான் அண்ணன்.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பழுத்துப் போன பிளாஸ்டிக், படக் படக் என்று உடைந்து வந்தது. உள்ளே மெரூன் நீங்கள் தைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. பிளாஸ்டிக்கை ஒரு துண்டுகூடத் தண்ணீரில் விழவிடாமல் மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். ஒருமுறை அசைந்து பார்த்தாள். கரையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. யாரோ சிரித்தார்கள். புர்காவும் ஜாக்கெட்டுமாக அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் இருக்கும்.

"சிரிக்கட்டும்" என்றாள் அம்மா. "கெளப்பு."

அண்ணன் எழுந்து முன்மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டான். இடது சீட் காலியாக வந்தது. நடுக்குளத்தில் அம்மா கையை நீட்டி, அந்தச் சீட்டின் தையலை விரலால் ஒருமுறை தடவினாள். ஏதாவது சொல்லியிருந்தாலும் இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. உங்களுக்குக் கேட்டதா?

திரும்பி வரும்போது பஜாரில் டீக்கடைக்காரர் வண்டியை மறித்தார். "டேய் அன்வரு, என்னாச்சு கப்பல்?"

பெயரைச் சொன்னால் அடிக்கப் போகிற அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினான். "மொத டிக்கெட்டு வேற ஆளுக்குப் போயிருச்சுண்ணே. ரெண்டாவது உங்களுக்கு."

போட் இப்போது பழைய இடத்தில் அதே செங்கல் மேல் இருக்கிறது. நேற்று சாயங்காலம் அம்மா டீ டம்ளரோடு வெளியே வந்தாள். காலைத் தூக்கி வைத்து, தரையில் நிற்கிற போட்டில், தன் சீட்டில், தெருவே பார்க்க உட்கார்ந்து குடித்து முடித்தாள்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தா. குளம் நிரம்புகிற ஒவ்வொரு வருஷமும் அவளைத் தண்ணீருக்குக் கூட்டிப்போவேன். மழை இல்லாமல் போனால் இந்தக் காலியிடத்திலேயே, மதிய நேரத்தில், இன்ஜினை ஒரு உதை உதைத்து உங்கள் சத்தத்தை அவளுக்குக் கேட்கவைப்பேன். அப்பளம் தீராமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

உங்கள் செல்ல மகள்,
கப்பல் பாய் மகள் ஹாஜிரா.